முளைக்கும் வரை ஒரு கவனிப்பு, முளைத்த அன்றே வேறு கவனிப்பு

கேள்வி: ஐயா, வணக்கம். தாம்பரம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். மொட்டை மாடியில் தொட்டி வைக்க அனுமதி உண்டு. போன மாதம் தக்காளி, மிளகாய், பாகல், கொத்தமல்லி விதைகள் வாங்கினேன். மாடியில் அணில் தொல்லை. அதனால் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, விரலின் முதல் கணு வரை குழி போட்டு விதைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, சமையலறை ஜன்னல் திண்டில் வைத்தேன். காலை, மாலை இரண்டு வேளையும் மறக்காமல் தண்ணீர் விட்டேன். தக்காளி ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் நூல் மாதிரி நீண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து, அடியில் கறுத்து ஒவ்வொன்றாக விழுந்துவிட்டது. மிளகாய் பத்து நாளாகியும் வரவில்லை, கொட்டிவிட்டேன். பாகலில் ஆறு விதைக்கு ஒன்றுதான் வந்தது. கொத்தமல்லி ஒன்றுகூட இல்லை. என் மாமியார் மாடியில் பழைய டப்பில் கீரை விதையைச் சும்மா தூவினார், அடர்ந்து வந்திருக்கிறது. எனக்குக் கைராசி இல்லை என்கிறார்கள். ஆடியில் மறுபடி முயற்சி செய்யட்டுமா, இல்லை நர்சரியில் நாற்றாக வாங்கிவிடுவது நல்லதா? கடையில் வாங்கும் தக்காளியிலிருந்து விதை எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். தாராளமாக முயற்சி செய்யுங்கள். ஆடியை விட நல்ல நேரம் உங்களுக்குக் கிடையாது. கைராசி என்ற பேச்சை மனதில் ஏற்ற வேண்டாம். உங்கள் தக்காளி விதை பாதிக்கு மேல் முளைத்திருக்கிறது. விதைப்பது உங்களுக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. நாற்று செத்தது முளைத்த பிறகு. அது வேறு கதை, அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

விதைக்குத் தேவையானது ஒன்று, நாற்றுக்குத் தேவையானது வேறொன்று. தக்காளி, மிளகாய், கத்தரி, பாகல் இவற்றின் விதை முளைக்க ஈரம், இதமான சூடு, காற்று, இந்த மூன்றும் போதும். வெளிச்சம் தேவையில்லை. சாப்பாடும் தேவையில்லை, அது விதைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் முளை வெளியே தலைகாட்டிய நிமிடத்திலிருந்து கணக்கு மாறிவிடுகிறது. உள்ளே இருந்த கையிருப்பு சில நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் இலை பச்சையாகி, வெயிலை வைத்துத் தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்கத் தொடங்க வேண்டும். நீங்கள் முளைக்கும் வரை செய்த கவனிப்பு பெரும்பாலும் சரி. மூடி வைத்தீர்கள், ஈரம் காத்தீர்கள். முளைத்த பிறகும் அதே கவனிப்பைத் தொடர்ந்ததுதான் கோளாறு. மூடாக்கு அப்படியே இருந்தது, தண்ணீர் அப்படியே இருந்தது, இடமும் மாறவில்லை. வீட்டில் விதை போடுபவர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இதே இடத்தில்தான் நாற்று போகிறது: முளைத்த நாளுக்கும் அடுத்த ஜோடி இலை வரும் நாளுக்கும் நடுவில்.

நாற்று ஜன்னல் பக்கம் சாய்ந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே விஷயம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் முளைத்த செடி, 'நான் இன்னும் மண்ணுக்கடியில் இருக்கிறேன், அல்லது வேறொரு செடியின் நிழலில் மாட்டிக்கொண்டேன்' என்கிற மாதிரிதான் நடந்துகொள்ளும். இருக்கும் சத்தையெல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழிக்கும். தண்டு பருக்காது, இலை விரியாது, நிறம் வெளிறிப்போகும். சமையலறை ஜன்னல் நம் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத்தான் தெரிகிறது. நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சட்டென்று பழகிவிடுவதால் வித்தியாசம் உறைப்பதில்லை. ஜன்னலை விட்டு இரண்டடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். கிரில், கொசுவலை, எதிர்ப்புறக் கட்டடம் எல்லாம் தங்கள் பங்குக்குக் குறைக்கும். காலையில் நாலு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் தக்காளி நாற்று தேறாது.

உங்கள் மாமியார் செய்ததைப் பாருங்கள். அவர் டப் மாடியில் இருந்தது, முழு வெயில். கீரை விதையை மேலாகத் தூவினார், ஆழமாகப் புதைக்கவில்லை. மூடி வைக்கவில்லை. தண்ணீரும் கையால் தெளித்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் சும்மா தூவியது போல உங்களுக்குத் தெரிந்தாலும், கீரைக்கு வேண்டியது அத்தனையும் அதில் இருக்கிறது. கீரை மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும், நடவு என்று எதுவும் கிடையாது. அதனால் அதையும் தக்காளியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இனி அடியில் கறுத்து விழுந்த விஷயம். அது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற பூஞ்சை வகைக் கிருமிகள் செய்யும் வேலை. விழுந்த நாற்று ஒன்றை எடுத்துக் கிட்டத்தில் பார்த்தீர்களானால் தெரியும்: மேலே இரண்டு இலையும் பச்சையாகவே இருக்கும், வாடல்கூட இருக்காது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நீர் கோத்தது மாதிரி ஆகி, பழுப்பாகி, கிள்ளி எடுத்தது போலச் சுருங்கியிருக்கும். அந்த இடத்தில் பலம் போய் மடிந்துவிடுகிறது. காலையில் நன்றாக நின்றது சாயங்காலம் படுத்துக் கிடக்கும். வந்த பிறகு மருந்து கிடையாது. விழுந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துப் போட்டுவிட்டு, மீதியை வெயிலும் காற்றும் படும் இடத்துக்கு மாற்றி, தண்ணீரை நிறுத்தி வைக்க வேண்டும். சில தப்பிக்கும்.

வராமல் தடுப்பது சுலபம். இந்தக் கிருமிகளுக்குத் தேங்கிய ஈரம், அசையாத காற்று, நிழல், நெருக்கம் எல்லாம் பிடிக்கும். பிளாஸ்டிக் தாளுக்கு அடியில், இரண்டு வேளைத் தண்ணீரோடு, அவற்றுக்கு விருந்தே கிடைத்துவிட்டது. சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். பிளாஸ்டிக் தேவையே இல்லை. ஈரச் செய்தித்தாளோ ஈரச் சாக்கோ போட்டால் போதும். அதையும், எல்லா விதையும் முளைக்கட்டும் என்று காத்திருக்காமல், முதல் இரண்டு மூன்று முளை வளைந்து எட்டிப் பார்த்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தாளைத் தூக்கிப் பாருங்கள். ஒரு நாள் தாமதம் ஒரு அங்குல வீண் தண்டாக முடியும்.

நிரப்பும் கலவையைப் பற்றி ஒரு வார்த்தை. தனி நார்க்கழிவில் விதை முளைக்கும், ஆனால் நாற்று வளராது. அதில் சத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டு பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிச் சலித்த மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்குத் தூள் சேருங்கள். கட்டியாக வாங்கும் நார்க்கழிவில் உப்பு இருக்கலாம். தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து கொட்டி, இன்னொரு முறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். கலவையின் ஈரம் எவ்வளவு என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் அதிகம். விதைக்குக் காற்று வேண்டும் என்று சொன்னேனே, ஒழுகும் கலவையில் அந்தக் காற்றுக்கு இடமில்லை. விதை முளைக்காமல் அழுகுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். உங்கள் ஐந்து பாகல் விதையும் அப்படிப் போயிருக்க நிறைய வாய்ப்பு.

விதை நேர்த்தி, அதாவது நோய் அண்டாமல் இருக்க விதைப்பதற்கு முன்பே விதைக்குப் பூச்சுக் கொடுப்பது, செய்துகொள்ளலாம். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா, இரண்டும் வேளாண் கடைகளில் பொடியாகக் கிடைக்கும். ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. உங்களிடம் இருப்பதோ ஒரு சிட்டிகை விதை. லேசாக ஈரப்படுத்தி, பொடியை ஒரு சிட்டிகை தூவிப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தால் போதும். பாக்கெட்டைத் திறந்ததும் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அதற்கு ஏற்கெனவே பூஞ்சாண மருந்து பூசியிருக்கிறார்கள். அதற்கு நேர்த்தி வேண்டாம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

ஆழம். எல்லா விதைக்கும் விரல் கணு ஆழம் என்பது பாகலுக்குச் சரி, மிளகாய்க்கு ரொம்ப அதிகம். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுக் கணக்கு. தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அரை சென்டிமீட்டர் போதும். பென்சில் முனையால் ஒரு பள்ளம், விதை, மேலே ஒரு சிட்டிகைக் கலவை. கீரை மாதிரிப் பொடி விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவி, கையால் லேசாகத் தட்டினால் போதும்.

மிளகாயை நீங்கள் அவசரப்பட்டுக் கொட்டிவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். தக்காளி 5 முதல் 8 நாளில் வந்துவிடும். மிளகாய் நல்ல விதையாக இருந்தாலே 8 முதல் 14 நாள் எடுக்கும். ஆழமாகப் போனால் இன்னும் தள்ளும். அத்தோடு போன மாதம் கத்திரி வெயில் ஓய்ந்தும் ஓயாத நேரம். அடுப்படியின் சூடு வேறு சேர்ந்திருக்கும். 25 முதல் 30 டிகிரிதான் இந்த விதைகளுக்குச் சுகம். 35-ஐத் தாண்டிப் போனால் தக்காளியும் மிளகாயும் சரியாக முளைக்காது. ஆடிக் காற்று வீசத் தொடங்கியதும் மாடி நிழலில் இந்தச் சிக்கல் குறையும். மிளகாய்க்கு மூன்று வாரம் கொடுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். விதைப் பரிசோதனை செய்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத் திறன் எல்லாம் அதில் இருக்கும். பரிசோதனைத் தேதியிலிருந்து பொதுவாக 9 மாதம் வரை செல்லுபடி. முளைப்புத் திறனுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதாவது பத்து மிளகாய் விதையில் ஆறு முளைத்தாலே அது தரமான விதைதான். மீதி நாலு முளைக்காததற்கு நீங்கள் பொறுப்பில்லை. தேதி எதுவும் இல்லாமல் சின்ன ஜிப் கவரில் போட்டு விற்கும் விதையை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அது எத்தனை வருடம் எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் மிஞ்சிய பழைய விதை இருந்தால், பத்தை எடுத்து ஈரத்துணியில் சுருட்டி ஒரு டப்பாவில் வைத்துப் பாருங்கள். பாதிக்குக் கீழே முளைத்தால் குழிக்கு மூன்றாகப் போடுங்கள் அல்லது புதிதாக வாங்குங்கள். வெங்காய விதை ஒரு வருடத்திலேயே வீரியம் இழந்துவிடும். தக்காளி, கத்தரி விதை நன்றாகக் காய்ந்து காற்றுப் புகாமல் இருந்தால் மூன்று நாலு வருடம்கூடத் தாங்கும்.

பாகலுக்கு வருகிறேன். அதன் ஓடு கெட்டி. தண்ணீர் உள்ளே போவதற்கே நேரமாகும். நகவெட்டியால் விதையின் கூர்முனை ஓரத்தில், உள்ளே இருக்கும் பருப்பு படாமல், ஓட்டை மட்டும் மெல்ல நறுக்குங்கள். இரவு ஊறவைத்துக் காலையில் தண்ணீரை வடித்துவிடுங்கள். இரண்டு நாள் ஊறவைத்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், அழுகிவிடும். பிறகு ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் மூடி, வீட்டுக்குள் சூடான இடத்தில் வையுங்கள். தினம் ஒருமுறை திறந்து பார்த்தால் நாலைந்து நாளில் வெள்ளையாக வேர் நுனி எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்ததை மட்டும் எடுத்து, நேராகப் பெரிய தொட்டியில் விரல் கணு ஆழத்தில் படுக்கை வசத்தில் வையுங்கள். வேர் ஒரு அங்குலம் நீளும் வரை விட்டால் எடுக்கும்போது ஒடிந்துவிடும். புடலை, பீர்க்கு, சுரைக்கும் இதே முறைதான். இந்தக் கொடிகளுக்கு வேரைத் தொந்தரவு செய்வது ஆகாது. குழித்தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடுவதை விட, வளரப்போகும் இடத்திலேயே போடுவது மேல். வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, கீரை எல்லாமும் நேரடியாகத்தான். தட்டு தேவைப்படுவது தக்காளி, கத்தரி, மிளகாய்க்குத்தான். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போடுவதாக இருந்தால் அவற்றுக்கும் தட்டு வேண்டும்.

கொத்தமல்லியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது குளிருக்கு ஆசைப்படும் செடி. இந்தச் சூட்டில் முளைத்தாலும் நாலு இலை விடுவதற்குள் பூவெடுத்துவிடும். மழை ஓய்ந்து மார்கழி, தையில் போடுங்கள். மளிகைக் கடைத் தனியாவே போதும், ஆனால் உருண்டையாக அப்படியே போடக் கூடாது. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு விதை இருக்கிறது. துணியில் பரப்பிச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளந்துவிடும். நசுக்கிவிடக் கூடாது. ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் ஈரம் உலர்த்தி, நேராகத் தொட்டியில் தூவுங்கள். பத்து நாளாவது ஆகும்.

அணிலுக்கு வழி சொல்கிறேன், ஏனென்றால் உங்களை வீட்டுக்குள் தள்ளியதே அணில்தான். காய்கறிக் கடையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட் இருக்கிறதல்லவா, பழையதாக ஒன்று வாங்கிக் குழித்தட்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். மேலே ஒரு செங்கல். அணில், மைனா, பூனை எதுவும் கிட்ட வராது. கிரேட்டின் சந்துகள் வழியே வெயில் கோடு கோடாக விழும், காற்றும் ஓடும், உச்சி வெயிலின் கடுமையும் குறையும். முளைத்ததும் கிரேட்டை எடுத்துவிட்டுக் கம்பி வலைக் கூண்டு மாதிரி எதையாவது போடுங்கள், அதற்குள் வெளிச்சம் இன்னும் நன்றாகப் போகும். எறும்பு கீரை விதையையும் தக்காளி விதையையும் இழுத்துக்கொண்டு போகும். நாலு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கல்லை வைத்து, தட்டை அந்தக் கற்களின் மேல் நிறுத்திவிட்டால் எறும்பால் ஏற முடியாது. கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கொசு முட்டையிடும்.

தட்டை வைக்கும் இடம் கிழக்கு பார்த்ததாக இருக்கட்டும். காலை பத்து மணி வரை நேர் வெயில், பிறகு கைப்பிடிச் சுவரின் நிழலோ நிழல்வலையோ. நிஜ இலை ஒரு ஜோடி வந்த பிறகு வெயில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். முதலில் வரும் இரண்டு நீள இலைகள் விதைக்குள்ளேயே மடிந்து கிடந்தவை, அவை விதையிலைகள். அடுத்து வரும் வெட்டு வெட்டான இலைதான் நிஜ இலை, அதில்தான் தக்காளி வாசனை அடிக்கும். லேசாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். அந்த இலை வந்துவிட்டால் ஆபத்துக் காலம் பெரும்பாலும் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரை மேலிருந்து ஊற்றாதீர்கள். அகலமான தாம்பாளத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, குழித்தட்டை அதில் 15 நிமிடம் வையுங்கள். வேண்டிய ஈரத்தைக் கலவை கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எடுத்து வடியவிடுங்கள். தண்டின் அடி காய்ந்தே இருக்கும், அழுகல் அண்டாது. எப்போது விடுவது என்பதற்குக் கடிகாரம் பார்க்க வேண்டாம், தட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது கனக்கும், காய்ந்தால் இலேசாகிவிடும். நாலு நாள் தூக்கிப் பழகினால் கைக்கே தெரிந்துவிடும். மேல்பக்கம் கரும்பழுப்பிலிருந்து வெளிர்ப்பழுப்பாக மாறுவதும் ஒரு அடையாளம். வெயில் நாளில் தினம் ஒரு முறை, மேகமூட்டமான நாளில் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று வரும். காலையில் விடுவது நல்லது. மாலையில் விட்டால் இரவெல்லாம் ஈரம் நிற்கும்.

குழிக்கு இரண்டு விதை போட்டு, இரண்டும் வந்தால் நோஞ்சானைக் கத்தரிக்கோலால் அடியில் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் கிளறிக்கொண்டு வரும். முளைத்த செடியை வெட்ட மனசு வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு குழியில் இரண்டை விட்டால் இரண்டுமே நோஞ்சானாகத்தான் நிற்கும். நிஜ இலை வந்த பிறகு வாரம் ஒரு முறை மண்புழு உரத்தை ஊறவைத்து வடித்த தண்ணீரை விடலாம். வேறு உரம் எதுவும் இந்த வயதில் வேண்டாம்.

தக்காளி 25 நாளில் நடவுக்குத் தயார். கத்தரி 30, 35 நாள். மிளகாய் 40 நாள் வரை போகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, முழு வெயிலில் வைத்துப் பழக்குங்கள். நடவு மாலையில். தக்காளியை மட்டும் விதையிலை வரை ஆழமாக நடலாம், மண்ணுக்குள் போகும் தண்டிலிருந்தும் அதற்கு வேர் விடும். ஆகவே நாற்று கொஞ்சம் நீண்டுவிட்டாலும், அழுகாமல் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், நீண்ட பாகத்தைப் புதைத்து நட்டால் தேறிவிடும். மிளகாயையும் கத்தரியையும் தட்டில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள்.

ஆடியில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னைக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆடி முதல் வாரத்தில் விதைத்தால் ஆவணியில் நட்டுவிடலாம். மழை வலுப்பதற்குள் செடி வேர் பிடித்துத் திடமாகிவிடும், தக்காளி ஒரு சுற்றுக் காயும் கொடுத்துவிடும். ஐப்பசியில் பிஞ்சு நாற்றோடு நின்றீர்களானால் நாலு நாள் அடைமழையில் அத்தனையும் போய்விடும். ரகம் கேட்டால், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 தக்காளி, கோவில்பட்டியின் கே 1 மிளகாய் இரண்டும் நம் சூட்டுக்குப் பழகிய ரகங்கள். இவை வீரிய ஒட்டு (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கும் ஹைபிரிட்) அல்ல, நீங்களே விதை எடுத்துக்கொள்ளலாம்.

நர்சரி நாற்று வாங்குவதில் தப்பே இல்லை. மிளகாயும் கத்தரியும் இரண்டிரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நாற்று தயாராகும் வரை மனதுக்கு ஒரு தெம்பு. ஆனால் வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளை ஈ பறந்தாலோ நுனி இலை சுருண்டிருந்தாலோ அதைத் தொடாதீர்கள். இலைச்சுருட்டை வைரஸ் வெள்ளை ஈ மூலம் பரவுவது. வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது, பக்கத்துச் செடிக்கும் போகும். சொந்த நாற்றில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்: எந்த ரகம் என்று தெரியும், நர்சரியிலிருந்து நோய் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. அதைக் காப்பாற்ற, முளைத்த நாளிலிருந்து பூச்சி நுழையாத நெருக்கமான நைலான் வலைக்குள் வைக்க முடிந்தால் வையுங்கள். சாதாரணக் கொசுவலையின் கண் பெரிது, வெள்ளை ஈயை அது முழுதாகத் தடுக்காது. கொடிவகைகளை மட்டும் நாற்றாக வாங்காதீர்கள், காசுக்குக் கேடு.

கடைசியாகக் கடைத் தக்காளி. கெட்டித் தோலோடு நீள உருண்டையாக வருபவை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள். விதை நன்றாகவே முளைக்கும், ஆனால் வரும் செடி தாயைப் போல இருக்காது. ஒன்று காய்க்கும், ஒன்று காய்க்காது. இருக்கும் நாலு தொட்டியை அதற்கு ஒதுக்குவது வீண். சந்தையில் நாட்டுத் தக்காளி கிடைத்தால், நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு பசை இருக்கிறதே, அது முளைப்பைத் தடுக்கும் பசை. கூழோடு சேர்த்து ஒரு கிண்ணத்தில் ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள், புளிக்க விடுங்கள். வாடை வரும், மேலே ஆடை படியும், பயப்பட வேண்டாம். அதற்கு மேல் விட்டால் கிண்ணத்திலேயே முளைவிடத் தொடங்கும். தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். வடிகட்டியில் அலசி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. நாலைந்து நாளில் சரசரவென்று உதிரும். அப்போது சிறு கண்ணாடிப் புட்டியில் போட்டு, ரகத்தின் பெயரும் மாதமும் எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வைத்துவிடுங்கள். அடுத்து விதைக்க எடுக்கும்போது புட்டியை வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். சில்லென்று திறந்தால் உள்ளே ஈரம் படிந்து மிச்ச விதை கெட்டுவிடும்.